சுட்டிக்காட்ட ஒரு பக்கம் வேண்டும்: சிங்கப்பூர்த் தமிழ்த் தளங்களும் பேக்லிங்க் கணக்கும்

ஈசூனில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்தும் ஒருவர் புதிதாக இணையத்தளம் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தின் பெயரைக் கூகுளில் தட்டிப் பார்க்கிறார்; முதல் இடத்தில் வருகிறது. "ஈசூன் தமிழ் டியூஷன்" என்று தட்டிப் பார்க்கிறார். நான்காம் பக்கம் வரை போயும் காணவில்லை. பெற்றோர் தட்டுவதோ இரண்டாவதைத்தான். சில வாரங்கள் கழித்து அவருக்கு ஒரு மின்னஞ்சல் வரும். உங்கள் தளத்துக்கு பேக்லிங்க் போதவில்லை, மாதாமாதம் இவ்வளவு வெள்ளி கட்டினால் ஐந்நூறு போட்டுத் தருகிறோம், மூன்றே மாதத்தில் முதல் பக்கம் என்று.

அந்த மின்னஞ்சலின் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. அதனால்தான் இரண்டாம் பாதியையும் நம்பத் தோன்றுகிறது.

பேக்லிங்க் என்றால், இன்னொருவர் தம் தளத்தில் எழுதும்போது உங்கள் பக்கத்துக்குக் கொடுக்கும் இணைப்பு. அவ்வளவுதான். கூகுள் பிறந்ததே இதை எண்ணப்போய்த்தான். 1996ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்கே பிரினும் உருவாக்கிய தேடுபொறிக்கு முதலில் வைத்த பெயரே 'பேக்ரப்'. அந்தக் காலத் தேடுபொறிகள் பெரும்பாலும் தேடும் சொல் ஒரு பக்கத்தில் எங்கே, எத்தனை முறை வருகிறது என்று பார்த்தே வரிசை போட்டன. பக்கத்தின் அடியில் வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் 'ஹோட்டல், ஹோட்டல், ஹோட்டல்' என்று நிரப்பி வைத்தவர்கூட மேலே வந்துவிட முடிந்தது. தன்னைப் பற்றித் தானே சொல்வதை எவ்வளவு நம்புவது? மற்றவர்கள் யாரைச் சுட்டுகிறார்கள் என்று பார்க்கலாமே என்பதுதான் அந்த இரண்டு மாணவர்களின் யோசனை. ஆய்வுலகில் இது பழைய வழக்கம். ஒரு கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதைத் திரட்டி அட்டவணை போடும் வேலையை யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே தொடங்கிவிட்டார்.

1998ல் பேஜும் பிரினும் வெளியிட்ட கட்டுரையில் இருந்த 'பேஜ்ரேங்க்' கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால், மேலே சொன்ன ஐந்நூறு பேக்லிங்க் மின்னஞ்சலைத் திறந்த வேகத்தில் மூடிவிடலாம். அந்தக் கணக்கில் எல்லா இணைப்பும் ஒன்றல்ல. இணைப்புக் கொடுக்கும் பக்கத்துக்கே எவ்வளவு மதிப்பு என்பதைப் பொறுத்துத்தான் அது கொடுக்கும் இணைப்புக்கு மதிப்பு. அந்தப் பக்கத்துக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அதைச் சுட்டிய மற்றப் பக்கங்களிலிருந்து. இப்படியே சுற்றிச் சுற்றிக் கணக்குப் போட்டால் ஒரு கட்டத்தில் எண்கள் அசையாமல் நின்றுவிடும். அப்புறம் இன்னொன்று: ஒரு பக்கம் தன்னிடம் உள்ளதைத் தான் சுட்டும் எல்லாருக்கும் பிரித்துத்தான் கொடுக்கும். நான்கு பேரைச் சுட்டினால் நான்கு பங்கு, நானூறு பேரைச் சுட்டினால் நானூறு பங்கு. போதாததற்கு ஒவ்வொரு படியிலும் ஒரு கழிவும் உண்டு. இணைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து போகும் ஒருவர் நடுவில் சலித்து வேறு எங்கேயோ தாவிவிடுவார் என்று வைத்து, தொடர்ந்து போவதற்கான வாய்ப்பை 0.85 என்று எடுத்துக்கொண்டார்கள்.

யாருமே சுட்டாத ஒரு தளம், ஆளுக்கொரு மூலையிலிருந்து காசு கொடுத்த ஆயிரம் பேரைச் சுட்டுகிறது. அதில் உங்கள் பங்கு எவ்வளவு? விற்பனைக்கு வரும் பேக்லிங்க்குகள் பெரும்பாலும் இந்த ரகம். தேக்கா ஈரச்சந்தையில் எந்தக் கடையில் மீன் நன்றாக இருக்கும் என்று கேட்டால், முப்பது வருடமாகச் சமையல் ஒப்பந்தம் எடுப்பவர் ஒரு கடையைக் காட்டுவதும், நுழைவாயிலில் நின்று எல்லாக் கடைத் துண்டுச்சீட்டையும் நீட்டுபவர் ஒரு கடையைக் காட்டுவதும் ஒன்றாகுமா?

இன்றைய கூகுள் இந்த ஒரு கணக்கை மட்டும் வைத்து ஓடவில்லை. எண்ணற்ற அறிகுறிகளில் இதுவும் ஒன்று. 2024 மார்ச்சில் கூகுள் தன் விதிமுறைப் பக்கத்தில், இணைப்புகள் 'முக்கியமான காரணி' என்று இருந்த இடத்தில் 'முக்கியமான' என்ற சொல்லை எடுத்துவிட்டது. எஸ்இஓ ஆட்கள், அதாவது தேடல் முடிவுகளில் தளங்களை மேலே கொண்டுவருவதைத் தொழிலாகச் செய்பவர்கள், அதைப் பெரிய செய்தியாகப் பேசினார்கள். எனக்கு அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. புதிய பக்கம் ஒன்று இருப்பதையே தேடுபொறி பெரும்பாலும் வேறொரு பக்கத்திலிருந்து இணைப்பைப் பிடித்துப் போய்த்தான் கண்டுபிடிக்கிறது. ஒரே மாதிரி எழுதப்பட்ட இரண்டு பக்கங்களில் எதை மேலே வைப்பது என்ற இடத்தில் வெளியார் சுட்டுகிறார்களா என்பது இன்னும் எடைபோடப்படுகிறது. இணைப்பின் முக்கியத்துவம் குறைந்திருக்கலாம், இல்லாமல் போகவில்லை.

இணைப்பில் எழுதியிருக்கும் சொற்களும் கணக்கில் சேரும். 'திருமண மாலை விலை' என்ற சொற்களின் மேல் இணைப்பு இருந்தால், அது போய்ச் சேரும் பக்கம் மாலை விலையைப் பற்றியது என்று தேடுபொறி எடுத்துக்கொள்ளும். உலகமெங்கும் 'அக்ரோபாட் ரீடரைப் பதிவிறக்க இங்கே சொடுக்கவும்' என்று ஆங்கிலத்தில் எழுதி இணைப்புக் கொடுத்ததால், 'இங்கே சொடுக்கவும்' என்ற ஆங்கிலச் சொற்களைத் தேடினாலே அடோபி நிறுவனத்தின் பக்கம் பல ஆண்டுகள் முதலில் வந்துகொண்டிருந்தது. இதே வழியில் 2003ல் குறும்பர்கள் சிலர் 'படுதோல்வி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் வாழ்க்கைக் குறிப்புப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்து, அதைத் தேடினால் அவர் பக்கம் வருமாறு செய்தார்கள். கூகுள் அதைச் சரிசெய்ய 2007 ஜனவரி ஆயிற்று.

குறும்புக்குப் பயன்பட்டது வியாபாரத்துக்குப் பயன்படாமல் இருக்குமா? இணைப்பு விற்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் நாளேடு ஒரு விவகாரத்தை வெளிக்கொண்டு வந்தது. ஜேசி பென்னி என்ற அமெரிக்கப் பேரங்காடி நிறுவனம், விடுமுறை வியாபாரம் சூடுபிடித்திருந்த மாதங்களில், உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் நின்றிருந்தது. காரணம், சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் அதற்கு ஆயிரக்கணக்கான இணைப்புகள் விதைக்கப்பட்டிருந்தன. தங்களுக்குத் தெரியாது என்று நிறுவனம் சொன்னது; எஸ்இஓ ஒப்பந்தக்காரரை நீக்கியது. கூகுள் கைமுறையாகத் தண்டித்ததில் முதலிடத்தில் இருந்தவை பல பக்கங்கள் பின்னால் போயின.

மறு ஆண்டு 2012 ஏப்ரல் 24ஆம் தேதி 'பெங்குவின்' என்ற மாற்றம் வந்தது. இனி ஒவ்வொருவராகப் பிடிக்க வேண்டியதில்லை, கணினியே பிடித்துவிடும் என்ற நிலை. ஆங்கிலத் தேடல்களில் 3.1 விழுக்காட்டை அது பாதிக்கும் என்று கூகுள் அப்போது சொன்னது. சிறு கடைக்காரர்கள் பலருக்கு அதுவரை வந்த வாடிக்கையாளர்கள் ஒரே வாரத்தில் நின்றுபோனார்கள். 2016 செப்டம்பரில் இந்தப் பெங்குவின் முக்கிய அமைப்புக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அதிலிருந்து போக்கு மாறியது: கள்ள இணைப்புகளுக்காகத் தளத்தைத் தள்ளுவதைவிட, அந்த இணைப்புகளையே கணக்கில் எடுக்காமல் விடுவது. இன்று ஐந்நூறு பேக்லிங்க் வாங்குபவருக்கு நடக்கக்கூடியதில் மிகச் சாதாரணமானது இதுதான். தண்டனையும் வராது, பலனும் வராது. காசு மட்டும் போகும். கொஞ்சம் பெரிதாகச் செய்து மனிதக் கண்ணில் பட்டால் கைமுறைத் தண்டனை வரும். அப்போது செய்ததை எல்லாம் பிரித்தெடுத்து மறுபரிசீலனைக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

பூக்கடை வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று உண்டு. 2013 பிப்ரவரியில், பிரிட்டனில் அன்னையர் தினம் நெருங்கிய வேளையில், இன்டர்ஃபுளோரா என்ற பூ விற்பனை நிறுவனம் கூகுளிலிருந்து காணாமல் போனது. அதன் சொந்தப் பெயரைத் தட்டினால்கூட வரவில்லை. வட்டார நாளேடுகளின் தளங்களில் இணைப்புகளுடன் விளம்பரக் கட்டுரைகள் வந்திருந்தன. வலைப்பதிவர்களுக்கு இலவசப் பூங்கொத்தும் போயிருந்தது. கூகுள் எந்தப் பெயரையும் குறிப்பிடாமல், விளம்பரக் கட்டுரையில் வரும் இணைப்புகளைப் பற்றிய விதியை மறுபடி நினைவூட்டி ஓர் அறிவிப்பு மட்டும் வெளியிட்டது. சுமார் 11 நாளில் தளம் திரும்ப வந்தது. இலவசப் பூங்கொத்து கொடுத்தது குற்றமா என்று கேட்கலாம். கொடுக்கலாம், தாராளமாக. அதற்கு ஈடாக வந்த இணைப்பைத் தானாக வந்த பரிந்துரைபோல் காட்டியதுதான் வம்பு.

ஓர் இணைப்பு தன் பரிந்துரை இல்லை என்று காட்டுவதற்கென்றே ஒரு குறி இருக்கிறது. 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து 'நோஃபாலோ' என்ற குறியைக் கொண்டுவந்தன. இணைப்பில் அதைச் சேர்த்தால் 'இதற்கு நான் பொறுப்பில்லை, என் மதிப்பை இதற்குக் கொடுக்காதே' என்று பொருள். கருத்துப் பகுதிகளில் குப்பை இணைப்புகள் கொட்டப்பட்டதைத் தடுக்க வந்தது அது. 2019ல் கூகுள் இன்னும் இரண்டைச் சேர்த்தது: காசு கைமாறிய இணைப்புக்கு 'ஸ்பான்சர்டு', வாசகர்கள் தாங்களே எழுதிப் போடும் இடத்து இணைப்புக்கு 'யூஜிசி'. அதோடு, இந்தக் குறிகளை இனிக் கட்டளையாக இல்லாமல் ஒரு குறிப்பாகவே எடுத்துக்கொள்வோம் என்றும் சொன்னது. விக்கிப்பீடியாவிலிருந்து வெளியே போகும் இணைப்புகள் நோஃபாலோ குறியுடன்தான் போகின்றன. ஆகவே, தமிழ் விக்கிப்பீடியாவில் போய்த் தன் கடை முகவரியைச் செருகிவிட்டு வருவதால் ஒன்றும் நடக்காது. யாராவது ஒரு தொகுப்பாளர் எரிச்சலோடு அதை நீக்கும் வேலைதான் கூடும்.

சரி, இயற்கையான பேக்லிங்க் என்றால் என்ன? கேட்காமல் வருவது என்று சிலர் சொல்வார்கள். அது கொஞ்சம் அதிகப்படி. கேட்டும் வாங்கலாம். கூகுள் என்ற ஒன்று இல்லாவிட்டாலும் அந்த இணைப்பு அந்த இடத்தில் இருந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இருந்திருக்கும் என்றால் அது இயற்கையானது. ஓர் ஆசிரியர் தம் மாணவர்களுக்காக உங்கள் பயிற்சித்தாளைச் சுட்டுகிறார். அவருக்குக் கூகுள் வரிசையைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. அதுதான் வேண்டியது.

இங்கேதான் சிங்கப்பூர்த் தமிழ்த் தளங்களின் கதை வேறு மாதிரி ஆகிறது. நம்மை யாரும் சுட்டுவதில்லை என்பதைவிட, சுட்டுவதற்கு நம்மிடம் பக்கம் இல்லை என்பதே பெரிய குறை என்று நினைக்கிறேன். இந்த ஊரில் தமிழ் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஏப்ரலில் தமிழ்மொழி விழா மாதம் வந்துவிட்டால் ஒவ்வொரு வார இறுதியிலும் பட்டிமன்றம், கவியரங்கம், சொற்போர், நூல் வெளியீடு. அவ்வளவும் எங்கே அறிவிக்கப்படுகின்றன? ஒரு படம். அழகாக வடிவமைத்த சுவரொட்டி, வாட்ஸ்அப்பில் குழு குழுவாகப் போகும், ஃபேஸ்புக்கில் ஏறும். நிகழ்ச்சி முடிந்ததும் நூறு புகைப்படம் அதே வழியில் போகும். வாட்ஸ்அப்பில் நடப்பதைத் தேடுபொறி பார்க்காது. ஃபேஸ்புக் பெரும்பாலும் தன் கதவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். அடுத்த ஆண்டு ஒரு மாணவர் அந்தப் பட்டிமன்றத்தைப் பற்றிக் கட்டுரை எழுத நினைத்து எதைச் சுட்டுவார்? கைப்பேசியில் இருக்கும் படத்தை இணைப்பாகக் கொடுக்க முடியாதே.

கடைகளும் அப்படித்தான். சிராங்கூன் சாலையிலும் கேம்பல் லேனிலும் நல்ல கடைகள், பல தலைமுறை அனுபவம். தளத்தைத் திறந்தால் ஒரு முகப்புப் பக்கம், 'எங்களைப் பற்றி' நான்கு வரி, வாட்ஸ்அப் எண். இதற்கு யார், எதற்காக இணைப்புக் கொடுப்பார்கள்?

இதில் ஒரு முரண் உண்டு. தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி ஊர்களில் ஒன்று இது. எழுத்தாளர் நா. கோவிந்தசாமி இங்குள்ள தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த வேலையால், 1995ல் அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கிவைத்த சிங்கப்பூர்க் கவிதைத் தளத்தில் தமிழ்க் கவிதை தமிழ் எழுத்திலேயே வந்தது. 1997ல் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு இங்கே கூடியது. 2000ல் மறுபடி இங்கே கூடியபோதுதான் தமிழ்த் தகவல் தொழில்நுட்பத்துக்கான 'உத்தமம்' என்ற உலக அமைப்பு உருவானது. அந்தக் காலத்துப் பக்கங்கள் பலவும் அவரவர் எழுத்துரு முறையில் இருந்தன. எழுத்துரு இல்லாதவருக்கு வெறும் குறிகளாகத் தெரியும், தேடுபொறிக்கும் அப்படித்தான். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான ஒருங்குறி (யூனிகோடு) பரவிய பிறகே தமிழில் தட்டித் தேடுவது ஒழுங்காக நடந்தது. இவ்வளவு பாடுபட்டு எழுத்தாக ஏற்றிய மொழியை இப்போது நாம் திரும்பவும் படமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கணினி ஓரளவு படிக்கும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி இருப்பதைவிட நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் போட்டு, தேதி, இடம், பேசுபவர் பெயர், தலைப்பு நான்கையும் எழுத்தில் வைப்பது அரை மணி நேர வேலை. நிகழ்ச்சி முடிந்ததும் அதே பக்கத்தில் நடந்ததைச் சேர்த்தால், அடுத்த பத்து ஆண்டுக்கு அது சுட்டத்தக்க பக்கம்.

எந்த மாதிரிப் பக்கத்தை மற்றவர்கள் சுட்டுவார்கள்? இதை யோசிக்க ஒரு வழி, வாடிக்கையாளர் கேள்விகளைப் பார்ப்பது. திருமண அலங்காரம் செய்பவரிடம் வரும் தம்பதிகள் மாலை, மேடை பற்றி மட்டுமா கேட்கிறார்கள்? பதிவுத் திருமணத்துக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், கோயிலில் தாலி கட்டும் அன்றே பதிவும் செய்யலாமா, யார் வந்து செய்து வைப்பார் என்று கேட்பார்கள். சிங்கப்பூரில் திருமணத்துக்குக் குறைந்தது 21 நாளுக்கு முன் திருமணப் பதிவகத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உரிமம் பெற்றவர்தான் நடத்திவைக்க முடியும். இதையும், மண்டபம் பதிவு செய்வதிலிருந்து மாலை எடுக்கும் காலை வரையிலான வரிசையையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதினால், புகைப்படக்காரர் சுட்டுவார், உணவு ஏற்பாட்டாளர் சுட்டுவார், இந்தியாவிலிருந்து மணமகள் வரும் குடும்பங்கள் தங்கள் வலைப்பதிவில் சுட்டுவார்கள். அலங்காரப் படங்கள் மட்டும் உள்ள பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த வேலையைச் செய்யாது.

துணைப்பாட ஆசிரியருக்கும் இதேதான். 'எங்களிடம் சேர்ந்தால் நல்ல மதிப்பெண் உறுதி' என்பதை யாரும் சுட்டமாட்டார்கள். தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வின் வாய்மொழித் தேர்வுக்குப் பயிற்சி செய்ய, தானே எழுதிய உரையாடல் தலைப்புகளை இலவசமாக வைத்தால் பெற்றோர் குழுக்கள் சுட்டும், பள்ளி ஆசிரியர்கூடச் சுட்டலாம். மசாலா அரைக்கும் ஆலைக்காரர் எந்த மிளகாயை எவ்வளவு வறுத்தால் நிறம் எப்படி மாறும் என்று படத்தோடு எழுதினால், அவர் எதிர்பார்க்காத சமையல் தளங்களிலிருந்து இணைப்பு வரும். தொழில் ரகசியம் போய்விடுமே என்று சிலர் பயப்படுவார்கள். மிளகாய் வறுக்கத் தெரிந்ததால் யாரும் ஆலை வைத்துவிட மாட்டார்கள்.

உள்ளூர் வரலாறு இன்னொரு வளமான இடம், அதை ஏன் இவ்வளவு விட்டுவைத்திருக்கிறோம் என்று எனக்குப் புரியவில்லை. 1935ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்கள் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் இருக்கின்றன. சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்களை மின்னிலக்கமாக்கும் திட்டம் 2015ல் முடிந்து அவையும் நூலக வாரியத்தில் கிடைக்கின்றன. ஐம்பது ஆண்டுப் பழமையான ஒரு கடை, தன் தெருவின் கதையை அந்த ஆதாரங்களோடும் தாத்தாவின் புகைப்படங்களோடும் எழுதினால், அந்த விவரங்களை வேறு யாராலும் கொடுக்க முடியாது. வேறெங்கும் கிடைக்காதது என்பதுதான் ஒருவர் உங்களைச் சுட்டுவதற்கான மிக வலுவான காரணம். மரபுடைமை ஆர்வலர்கள், மாணவர்கள், சுற்றுலா எழுத்தாளர்கள் தேடுவது இதைத்தான்.

எழுதி வைத்துவிட்டுக் காத்திருந்தால் வருமா? சில நேரம் வராது. கண்ணில் பட வேண்டுமே. உறுப்பினராக இருக்கும் அமைப்புகளின் பட்டியலில் உங்கள் தள முகவரி சரியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். லிட்டில் இந்தியா வர்த்தகர் மரபுடைமைச் சங்கமோ இந்திய வர்த்தகத் தொழிற்சபையோ, எதில் இருக்கிறீர்களோ அது. சரக்கு வாங்கும் நிறுவனத்துக்கு 'எங்கள் பொருள் கிடைக்கும் இடங்கள்' என்ற பக்கம் இருக்கும். நீங்கள் உதவிய கோயில் விழா, சமூக மன்ற நிகழ்ச்சி, பள்ளிப் போட்டி இவற்றின் பக்கங்களில் பெயர் இருக்கும், இணைப்பு இருக்காது. பெயர் வந்த இடத்தில் இணைப்பையும் சேர்க்கச் சொல்லிக் கேட்பது முறைகேடில்லை. "வணக்கம் ஐயா, விழாப் பக்கத்தில் எங்கள் கடையைக் குறிப்பிட்டதற்கு நன்றி. படிப்பவர்களுக்கு உதவும் என்றால் எங்கள் தள முகவரியையும் சேர்க்க முடியுமா?" இரண்டு வரி போதும். பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள், இந்த ஊர் சிறியது, மறுபக்கத்தில் இருப்பவரை நீங்கள் எங்கேயோ சந்தித்திருப்பீர்கள்.

சிறிய ஊர் என்பதில் ஒரு வழுக்கலும் இருக்கிறது. 'நீ என்னைப் போடு, நான் உன்னைப் போடுகிறேன்' என்று பத்துத் தளங்கள் தங்களுக்குள் மாறி மாறிச் சுட்டிக்கொள்வது. இரண்டு நண்பர்கள் உண்மையாகவே ஒருவரையொருவர் பரிந்துரைப்பதில் தவறில்லை. அளவுக்கு மிஞ்சிய பரிமாற்றத்தைக் கூகுள் தன் விதிகளில் பெயர் சொல்லியே தடுத்திருக்கிறது. கட்டுரை எழுதித் தருகிறேன், அதில் என் இணைப்பைப் போடு என்று ஊரெல்லாம் எழுதிக் கொடுத்ததும் ஒரு காலத்தில் பெரிய வழக்கமாக இருந்தது. கூகுளில் குப்பைத் தடுப்புப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மேட் கட்ஸ் 2014 ஜனவரியில் அந்தக் கதை முடிந்தது என்று எழுதினார். படிப்பவருக்காக எழுதுவது இன்றும் செல்லும், இணைப்புக்காக எழுதுவதுதான் செல்லாது.

எத்தனை பேக்லிங்க் வேண்டும் என்ற கேள்விக்கு எண்ணாகப் பதில் கிடையாது. சென்னையில் உள்ள ஒரு தளத்துக்கு ஆயிரக்கணக்கில் இருக்கிறதே என்று ஒப்பிட்டுப் பார்த்து மனம் தளர வேண்டாம். நீங்கள் போட்டி போடுவது ஈசூனிலோ செங்காங்கிலோ உள்ள இன்னொரு நிலையத்தோடு. அங்கே பொருத்தமான பத்துத் தளங்கள் உங்களைச் சுட்டுவதே பெரிய வேறுபாடு. கடைகளுக்கு இன்னொன்றும் உண்டு. வரைபடத்தோடு வரும் முடிவுகளில் பொருத்தம், தூரம், எவ்வளவு அறியப்பட்ட இடம் ஆகிய மூன்றையும் பார்ப்பதாகக் கூகுள் சொல்கிறது. மூன்றாவதில்தான் இணைப்புகள் வருகின்றன, விமர்சனங்களும் சேர்ந்து. தேக்காவில் நிற்பவருக்கு உட்லண்ட்ஸ் கடையை எந்தப் பேக்லிங்க்கும் பக்கத்தில் கொண்டுவந்து வைக்காது.

வந்த இணைப்பைக் காப்பாற்றுவது தேடுவதைவிட எளிது, ஆனால் நாம் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான். தளத்தைப் புதுப்பிக்கும்போது வடிவமைப்பாளர் பக்க முகவரிகளை எல்லாம் மாற்றிவிடுவார். பழைய முகவரியைச் சுட்டியவர்களின் இணைப்பெல்லாம் 'பக்கம் இல்லை' என்ற செய்தியில் போய் முட்டும். பழையதிலிருந்து புதியதற்கு நிரந்தரத் திருப்பிவிடல், அதாவது 301, போட்டால் பிரச்சினை தீர்ந்தது. வடிவமைப்பாளரிடம் வேலை கொடுக்கும்போதே இதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் கேட்டால் தனிக் கட்டணம் சொல்வார்.

முகவரியில் தமிழ் எழுத்துகள் வைப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011லேயே '.சிங்கப்பூர்' என்ற தமிழ் முகவரி ஈறு வந்துவிட்டது, பெருமையான விஷயம். தேடுபொறிக்கும் தமிழ் முகவரி புரியும். ஆனால் பக்க முகவரியில் தமிழ் வைத்து அதை நகலெடுத்து ஒட்டினால் பல இடங்களில் சதவீதக் குறியும் எண்களுமாக நீளும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லே 45 குறிகளாகிவிடும். ஏதோ மோசடி இணைப்புப்போல் தோன்றும், வாங்கியவர் தொடப் பயப்படுவார். மோசடிக் குறுஞ்செய்திகளைப் பற்றி இவ்வளவு எச்சரிக்கை வரும் ஊரில் அந்தப் பயம் நியாயம்தான். தலைப்பைத் தமிழில் வைத்து, முகவரியை மட்டும் குறுகிய ரோமன் எழுத்தில் வைப்பதே இப்போதைக்கு நடைமுறைக்கு உதவும்.

சங்கங்கள் கவனிக்க வேண்டியது தளப்பெயர்ப் புதுப்பிப்பு. செயலவை மாறும்போது பழைய செயலாளரின் மின்னஞ்சலுக்குப் போன நினைவூட்டலை யாரும் பார்ப்பதில்லை. பெயர் காலாவதியானதும், பல ஆண்டுகளாகச் சேர்ந்த நல்ல பேக்லிங்க்குகளுக்காகவே அதை வேறு யாரோ வாங்கி, சூதாட்டத் தளமாக மாற்றுவது உலகெங்கும் நடக்கிறது. கூகுள் 2024 மார்ச்சில் இதைத் தனிக் குற்றமாகவே விதியில் சேர்த்தது. பள்ளிகளும் நூலகங்களும் கொடுத்திருந்த இணைப்பு அப்போது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. '.எஸ்ஜி' தளங்களைத் தேசிய நூலக வாரியம் 2019 முதல் விரிவாகச் சேமித்து வருகிறது. பழைய பக்கம் எப்படி இருந்தது என்று பார்க்க அது உதவும், பெயரைத் திரும்பப் பெற்றுத் தராது.

யார் உங்களைச் சுட்டுகிறார்கள் என்று பார்க்கக் காசு வேண்டாம். கூகுளின் 'சர்ச் கன்சோல்' இலவசம்; அதில் இணைப்புகள் பகுதி இருக்கிறது. பேக்லிங்க் கணக்கெடுப்பதில் உலக அளவில் பெயர் பெற்ற 'ஏஹெச்ரெஃப்ஸ்' நிறுவனத்தின் தலைமையகமே சிங்கப்பூரில்தான் இருக்கிறது. சொந்தத் தளத்தைச் சரிபார்க்க அதிலும் இலவச வழி உண்டு. அது காட்டும் 'டொமைன் ரேட்டிங்' போன்ற மதிப்பெண்கள் அந்தந்த நிறுவனங்களின் சொந்தக் கணக்கு, கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. அந்த எண்ணை உயர்த்தித் தருகிறேன் என்று வருபவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

பட்டியலைத் திறந்தால் ரஷ்ய மொழியில், சீன மொழியில், பெயரே வாயில் நுழையாத தளங்கள் பத்திருபதாவது உங்களைச் சுட்டிக்கொண்டிருக்கும். எல்லாத் தளத்துக்கும் அப்படித்தான். 'நச்சு இணைப்புகள்' என்று இவற்றைக் காட்டிப் பயமுறுத்தி நீக்கக் கட்டணம் கேட்பவர்கள் உண்டு. இவற்றைக் கூகுள் தானே ஒதுக்கிவிடுகிறது. இந்த இணைப்புகளைக் கணக்கில் எடுக்காதே என்று கூகுளிடம் சொல்ல 2012ல் வந்த 'டிஸ்அவோ' கருவி, முன்பு இணைப்பு வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு, கைமுறைத் தண்டனை வந்தவர்களுக்கு. மற்றவர்கள் அதைத் தொட்டு நல்ல இணைப்பையும் சேர்த்து வெட்டிக்கொள்ளும் ஆபத்துதான் அதிகம். பட்டியலில் பார்க்க வேண்டியது, எந்தப் பக்கத்துக்கு அதிக இணைப்பு வந்திருக்கிறது என்பதை. முகப்புக்கு மட்டும் வந்திருந்தால் உள்ளே சுட்டத்தக்க பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. உள்பக்கம் ஒன்றுக்கு வந்திருந்தால், அந்தப் பக்கத்திலிருந்து வகுப்பு நேரம், கட்டணம், தொடர்புப் பக்கங்களுக்கு உங்கள் தளத்துக்குள்ளேயே இணைப்புக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த மதிப்பு அந்த வழியாகத்தான் 'ஈசூன் தமிழ் டியூஷன்' பக்கம் வரை போகும்.